போர்டிகோவுக்கு ஒரு திரை

பக்கவாதம் வந்த பிறகு கிதர் முகம்மதுவின் கட்டில் போர்டிகோவுக்கு வந்துவிட்டது. உள்ளறை வாசலில் சக்கர நாற்காலி நுழையவில்லை. குளியலறையும் போர்டிகோவை ஒட்டித்தான் இருந்தது. உத்திரமேரூர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். இப்போது வலது கையும் காலும் அசையாது. பேச்சு குழறும். அவர் சொல்வது முழுக்கப் புரிவது மனைவி ஹமீதாவுக்கு மட்டும்தான்.

ஐப்பசி மழை பிடித்ததும் சாரல் கட்டில்வரை அடித்தது. ஒரு நாள் காலையில் போர்வையும் தலையணையும் நனைந்து அவர் நடுங்கிக்கொண்டு கிடந்தார். ஹமீதா பெங்களூரில் இருக்கும் மகள் ஷிபானாவுக்குப் போன் செய்தாள். போர்டிகோவை அடைத்தாற்போல மழைக்குத் தாங்கும் பிளைண்ட்ஸ் திரை போட்டுவிடலாம் என்றாள் மகள். காஞ்சிபுரத்துக் கடை ஒன்றில் பேசி, சிவகுமார் என்ற ஆளை அனுப்பியும் வைத்தாள்.

சிவகுமார் அளவெடுத்துவிட்டு மாதிரிகளைக் கட்டில் மேலேயே பரப்பினான். மூங்கில் தட்டி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சாரலை விட்டுவிடும் என்றான். பச்சை வலை வெயிலுக்குத்தான் ஆகும். மிஞ்சியது இரண்டு. ஒன்று கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக். இன்னொன்று இரண்டு பக்கமும் பூச்சு போட்ட கனத்த காபி நிறத் துணி. இரண்டுமே மழையைத் தடுக்கும், பக்கத்தில் கைப்பிடியைச் சுற்றினால் மேலே ஏறும், கீழே தரையில் கொக்கி மாட்டிவிட்டால் காற்றுக்குத் தூக்காது.

ஹமீதா பிளாஸ்டிக்கை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். தெரு லேசாக மங்கித் தெரிந்தது. அதுவே போதும் என்று நினைத்தாள். அவரைத் தனியாக விட்டுவிட்டு அவள் எங்கும் போக முடிவதில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. மிக்ஸி ரிப்பேர்காரனும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும், கீரைக் கூடையோடு வரும் பொன்னியம்மாளும் போகிற அந்தத் தெருதான் அவள் வெளியே போய் வரும் இடம்.

கிதர் முகம்மது இடது கையால் காபி நிறத் துணியைத் தட்டினார். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் அவரைப் பார்த்து சலாம் சொல்கிறார்கள். பதிலுக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை. வாயோரம் எச்சில் வழிவது அவருக்கே தெரிவதில்லை; துடைக்கவும் ஹமீதா வர வேண்டும். ஹமீதா பிளாஸ்டிக்கைக் காட்டி, வெளிச்சம் வருமே என்றாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"ஊரே பாக்குது. மூடு."

சிவகுமாருக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று ஹமீதாவைக் கேட்டான். மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. ஷிபானாவைக் கேட்டபோது, அத்தாவுக்கு எது பிடிக்கிறதோ அதையே போடுங்கள் என்றாள். உனக்கு எது பிடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஹமீதாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

திரை மாட்டியாகிவிட்டது. சாரல் நின்றது. கட்டில் காய்ந்தது. கிதர் முகம்மது நிம்மதியாகத் தூங்கினார், சாப்பிடும்போது அவசரப்படவில்லை. ஹமீதாவுக்குத்தான் பகலிலும் பல்பு எரிய வேண்டியிருந்தது. மழை விடாமல் பெய்ததால் திரையை ஏற்றவே இல்லை. மருந்து வாசனையும் ஈரத்துணி வாசனையும் உள்ளேயே சுற்றின. வெளியே யாரோ சிரிப்பார்கள். யாரென்று தெரியாது. ஒரு முறை பொன்னியம்மாள் கேட்டருகே நின்று குரல் கொடுத்தாள். ஹமீதா அவருக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுக் கூப்பிட்டபோது பதில் இல்லை. வீட்டில் ஆளில்லை என்று நினைத்துப் போயிருப்பாள்.

அடுத்த வாரம் மத்தியானம் அவர் தூங்கிய நேரத்தில் மறுபடி அந்தக் குரல் கேட்டது. ஹமீதா மூலைக் கொக்கியைக் கழற்றி, திரைக்கு அடியில் குனிந்து வெளியே போனாள். படியில் உட்கார்ந்தாள். தூறல் தோளில் விழுந்தது. பொன்னியம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். ஏரி நிரம்பிவிட்டதையும், திருப்புலிவனம் பக்கம் நடவு வேலை நின்றுபோனதையும் சொன்னாள். ஹமீதா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உள்ளே அவர் விழித்துவிட்டார். "ஹமீதா" என்று கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

"பாயம்மா, பாய் கூப்புடுறாரு," என்றாள் பொன்னியம்மாள்.

"கூப்புடட்டும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று ஹமீதாவுக்கு உறைத்தது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. பொன்னியம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

உள்ளே தண்ணீர்ப் பாட்டில் உருண்டது. கைப்பிடி கிரீச்சிட்டது. கட்டிலிலிருந்தபடி இடது கையால் அவர் எப்படியோ அதை எட்டிப் பிடித்துச் சுற்றியிருக்கிறார். கொக்கி கழன்ற மூலை மட்டும் கோணலாக மேலேறியது. அந்தச் சந்து வழியே அவர் முகம் தெரிந்தது. பயந்துபோன முகம்.

"மழையில இன்னா பண்ற?"

"மூச்சு வுட்டுக்கினு கீறேன்."

அவர் வாயோரம் வழிந்தது. அவள் துடைக்க எழவில்லை. பிறகு சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சொன்னார். "என்னத்தான் மூடச் சொன்னேன். ஒன்ன இல்ல."

"ஒரே வூடு. ஒங்கள மூடுனா நானுந்தான் உள்ள கெடக்குறேன்."

குரல் உயராமல்தான் சொன்னாள். இத்தனை நாளில் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வைத்தாள், வாயைத் துடைத்தாள், தலையணையைச் சரிசெய்தாள்.

சாயங்காலம் அவரே கைப்பிடியைக் காட்டினார். அவள் மற்றக் கொக்கிகளையும் கழற்றிவிட்டு மெல்லச் சுற்றினாள். திரை முழங்கால் உயரம் ஏறியதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கட்டில் அதற்கு மேலே இருந்ததால் தெருவிலிருந்து பார்த்தால் அவர் தெரியமாட்டார். அவள் தரையில் பாய் போட்டு உட்கார்ந்தாள். கீழே தெரு தெரிந்தது. மனிதர்களின் கால்கள் மட்டும் போயின.

அதன் பிறகு காற்று பலமாக அடித்தால் ஒழிய திரை அந்த உயரத்திலேயே நின்றது. சாரல் அவள் பாயை நனைத்தது. வீடியோ காலில் பார்த்த ஷிபானா ஏன் இப்படிப் பாதியில் தூக்கியிருக்கிறது என்று கேட்டதற்கு, காற்றுக்கு என்றாள் ஹமீதா. கால்களைப் பார்த்து யாரென்று சொல்லப் பழகிக்கொண்டாள். செருப்புச் சத்தம் கேட்டால் அவர் மேலிருந்து யாரென்று கேட்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த கால்கள் இரண்டு அவர்கள் வாசலுக்கு நேரே நின்றன. பழைய பழுப்புத் தோல் செருப்பு.

"வஹாப் பாய்," என்றாள் ஹமீதா, மெதுவாக. கணவருடைய கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்.

கிதர் முகம்மது மூச்சை அடக்கிக்கொண்டார். கூப்பிடாதே என்பது போல் இடது கையை அசைத்தார். கால்கள் ஒரு முறை கேட்டருகே வந்தன, தயங்கின, திரும்பி நடந்தன. அவர் மூச்சை விட்டார். உள்ளே வாங்க என்ற வார்த்தை ஹமீதாவின் தொண்டைவரை வந்திருந்தது. அவள் அதை விழுங்கிவிட்டு, அவருக்கு மாத்திரை எடுக்க எழுந்தாள்.