அக்காளின் பெருமூச்சு

ராஜாக்கமங்கலத்தில் ராஜபாயின் புது வீடு, பால் காய்ச்சிய மூன்றாம் நாள் காலையில் ஒரு அடி உயர்ந்திருந்தது. வீட்டைத் தாங்கிய வளைந்த நான்கு கால்களும் வாழைக்குருத்து மாதிரி நீண்டிருந்தன. சுவரில் ஒரு கீறல் இல்லை. அவள் கணவன் வைகுண்டராஜன் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் பன்னிரண்டு வருடம் கண்ணாடி துடைத்தவன். வருங்காலம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து அறுபதுகளில் கட்டிய கட்டிடம் ஒன்று அங்கே உண்டு. நான்கு வளைகால், நடுவில் பறக்கும் தட்டு. அதைப்போலவே ஒன்றைத் தென்னந்தோப்புக்குள் எழுப்பினான். திருஷ்டிப் பூசணி கட்டச் சொன்ன கொத்தனாரிடம், அசலில் பூசணி கிடையாதே என்று மறுத்துவிட்டான். பிழை அங்கேதான்.

எதிரே ஓட்டுவீட்டில் ராஜபாயின் அக்காள் சத்தியபாய் இருந்தாள். தான் உடுத்துக் கழித்த பாவாடையைத் தங்கைக்குக் கொடுத்தே வளர்ந்தவள், இப்போது அவளை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். விட்ட மூச்சுக்கெல்லாம் வீடு உயர்ந்தது. பங்குனிக்குள் தென்னை உயரம் வந்துவிட்டது. பூசணி கட்டலாமென்று பார்த்தால் ஏணி எட்டவில்லை. ராஜபாய் கயிற்றில் வாளி இறக்கி மீன் வாங்கினாள். கரண்டு மீட்டர் பார்க்கிறவர் பைனாகுலர் கொண்டுவந்தார். அதற்குள் சத்தியபாய்க்கு வயிற்றெரிச்சலைவிடப் பெரிய வேதனை ஒன்று வந்திருந்தது. தன் வீடு நாற்பது வருடமாக ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. அப்படியென்றால் தன்னைப் பார்த்து இதுவரை ஒருத்தரும் பொறாமைப்பட்டதே இல்லை. அன்று அவள் சோறு தின்னவில்லை.

வைகாசியில் ஒரு காலை, தன் வாசலில் கால் வைத்த சத்தியபாய் விழப்பார்த்தாள். நடைக்குக் கீழே ஒரு சாண் வெறும் காற்று. யார் கண் என்று அண்ணாந்தாள். தட்டின் விளிம்பில் நின்ற ராஜபாய், அக்காளின் முற்றத்துப் பலாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏட்டி, எனக்க வீட்டுல என்னத்தட்டி பாக்க?"

"நேத்து ஒனக்க முத்தத்துல நாலு பொம்பளைய இருந்து சக்க தின்னு சிரிச்சாளுவ. இங்க ஒரு காக்கா கூட வரமாட்டேங்குக்கா."

சத்தியபாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். பிறகு சொன்னாள்: "நல்லா பாரு மக்கா. கண்ண எடுக்காத."

இப்போது இரண்டு வீடும் ஒரே உயரம். பலாவும் மண்ணோடு கூடவே வந்துவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் சுளை கைமாறுகிறது. மயிலாடிக் கல்தச்சரிடம் படி செதுக்கச் சொன்ன சத்தியபாய், எத்தனை படி என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. தங்கை வீடு கொஞ்சம் தாழ்ந்ததுபோலத் தெரிந்தால், அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, ஜன்னலில் நின்று ஒரு பெருமூச்சு விட்டுக் கொடுக்கிறாள்.