தண்ணீரில் கரைந்த முறுக்கு மாவு

தையல் பிரித்த மறுநாளே அம்மா முறுக்கு உரலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கிப்போய் ஆபரேஷன் செய்திருந்தார்கள். "மறுபடி பிழிந்தால் இந்தக் கை டம்ளரைக்கூடப் பிடிக்காது" என்று டாக்டரம்மா இந்தியில் சொன்னதை நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். அம்மாவுக்கு என்னைவிட நன்றாக இந்தி தெரியும். கேட்கக் கூடாது என்று முடிவு செய்தவளுக்கு எந்த மொழியில் சொன்னால் என்ன?

நாங்கள் மும்பையில் மாட்டுங்கா லேபர் கேம்ப். அம்மா முப்பிடாதியம்மாள் பிழிகிற முறுக்கு மாட்டுங்காவில் ஒரு கடைக்குப் போகும். கடைக்காரர் பாக்கெட்டில் 'வீட்டு முறுக்கு' என்று ஒட்டி விற்பார். யார் வீடு என்று அதில் இருக்காது. அந்த முறுக்கில்தான் நான் பி.காம். முடித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. படிக்கிற காலத்தில் உரலைத் தொட்டால் அடி விழும். "ஒன் கைக்கு வேற சோலி இருக்கு" என்பாள். இப்போது செம்பூரில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். இன்னமும் தொடவிடுவதில்லை.

ஒரு நாள் கோபத்தில் உரலைப் பரணில் தூக்கிப் போட்டேன். நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் பக்கத்து வீட்டு மதீனா பீவியிடம் ஸ்டூல் வாங்கி, ஏறி எடுத்துவிட்டாள்.

இதை நான் ஆபீஸில் சாயிராவிடம் சொல்லிக் கத்தினேன். சாயிரா தாராவிக்காரி. ஞாயிறானால் தூண்டிலை எடுத்துக்கொண்டு ரயிலில் நேரல் ஸ்டேஷனைத் தாண்டி உல்ஹாஸ் ஆற்றங்கரைக்குப் போகிறவள்.

"ஒங்க அம்மாவக் கூட்டிட்டு வா. எங்கிட்ட ரெண்டு ராடு இருக்கு. தூண்டிலப் போட்டுட்டா கைக்கு வேற வேலையே கிடையாது."

"எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதேடி."

"எனக்கு மட்டும்? இதுவரைக்கும் மீனவிட என் துப்பட்டாவத்தான் அதிகமா பிடிச்சிருக்கேன்."

அம்மாவிடம் சொன்னேன்.

"மீனு வேணும்னா சயான் மார்க்கெட்ல கெடக்கு. அதுக்கு எதுக்குட்டி டிரெயினு?"

"சாயிரா கூப்பிடுதா. வரலன்னு நீயே போன்ல சொல்லிரு."

அடுத்தவர் கூப்பிட்டால் மறுக்க அம்மாவுக்கு வராது. அது எனக்குத் தெரியும்.

தூண்டில் முள்ளில் வைக்கக் கோதுமை மாவைப் பிசைந்து எடுத்து வரச் சொல்லியிருந்தாள் சாயிரா. ஞாயிறு காலை நான் எழுந்தபோது அம்மா பிசைந்து முடித்திருந்தாள். வலது கையால். அதுவும் கோதுமை இல்லை. அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், பெருங்காயம்.

"யம்மா, இது மீனுக்கு."

"இருக்கட்டுமே. மீனுன்னா வாய்ல வைக்க வெளங்க வேண்டாமா?"

தாதரில் சாயிராவோடு கர்ஜத் வண்டி ஏறினோம். கல்யாண் தாண்டும்வரை நான் அவளோடு பேசவில்லை. அவளும் கவலைப்படவில்லை. எதிர் சீட் மராட்டிப் பெண்ணிடம் வெங்காய விலை பேசிக்கொண்டு வந்தாள்.

ஆறு நான் நினைத்ததைவிடச் சின்னது. கரையில் கத்தரித் தோட்டம். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்தோம். சாயிரா அம்மாவின் இடது கையில் ராடைக் கொடுத்தாள்.

"சித்தி, வலது கை மடியில இருக்கட்டும். தண்ணியில அந்தச் செவப்புத் தக்கை மிதக்குல்லா, அது முங்கினா மட்டும் சொல்லுங்க."

"சொல்லிட்டு?"

"சொன்னா போதும்."

"இதுக்குப் பேரு வேலையா?"

நான் என் பங்குக்குத் தூண்டிலை வீசினேன். முன்னால் போக வேண்டியது பின்னால் போய்க் கருவேல மரத்தில் மாட்டியது. "மரத்துல மீனு காய்க்கும்னு காலேஜ்ல சொல்லிக்குடுத்தாவளா?" என்றாள் அம்மா. சாயிரா தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என்னைக் கிண்டல் செய்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அம்மாவின் மாவு முள்ளில் நிற்கவில்லை. தண்ணீரில் பட்டதும் வெள்ளையாகப் புகைந்து கரைந்துபோனது. திரும்பத் திரும்ப உருட்டி வைத்தோம். திரும்பத் திரும்ப வெறும் முள்தான் மேலே வந்தது. வாயில் போட்டால் கரைய வேண்டும் என்றே இத்தனை வருஷம் பிசைந்து பழகிய கை. வேறு மாதிரி அதற்குத் தெரியவில்லை. அம்மா முகம் சுருங்கிவிட்டது.

"சித்தி, அங்க பாருங்க" என்றாள் சாயிரா.

கரைந்த மாவைச் சுற்றிப் பொடி மீன்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அடியில் பெரிய நிழல்கள் இரண்டு அசைந்தன. சாயிரா தன்னிடமிருந்த கோதுமை உருண்டையை முள்ளில் செருகி அதே இடத்தில் போட்டாள். அம்மா ராடைப் பிடித்தாள். அம்மா தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. அந்தக் கை சும்மா கிடந்து நான் பார்த்ததே இல்லை. தூக்கத்தில்கூட அதை எங்காவது ஒளித்து வைத்திருப்பாள்.

தக்கை சட்டென்று முங்கியது. அம்மா சொல்லவில்லை. இரண்டு கையாலும் ராடைப் பிடித்து இழுத்தாள். மறு நொடியே அவள் வலது கை உதறிக்கொண்டு விலகியது. ராடு சரிந்து தண்ணீருக்குள் போகப் பார்த்தது. நான் பாய்ந்து பிடித்தேன்.

"வலிக்குதுட்டி" என்றாள் அம்மா.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. டாக்டர் கேட்டபோதுகூட "லேசா மரத்திருக்கு" என்றுதான் சொன்னாள். ராடைப் பிடித்தபடி நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"ஏட்டி, என்னயப் பாக்காத. மீனப் பாரு."

நான் ராடைப் பிடித்துக்கொள்ள, அம்மா இடது கையால் ரீலைச் சுற்றினாள். தப்பான பக்கம் சுற்றி, சாயிரா கத்தி, பிறகு சரியான பக்கம். வந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி மீன்.

"இதுக்கா இந்தப் பாடு?" என்று அதைப் பார்த்தாள். பிறகு மீனிடம் சொல்வதுபோலவே சொன்னாள். "ராத்திரிதான் ரொம்ப வலிக்கும். நீ முழிச்சிரக் கூடாதேன்னு தலகாணிக்கு அடியில அமுக்கி வச்சிக்கிடுவேன். காலையில ஆபீஸ் போற புள்ள."

நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அந்த மீனுக்கு, அதைக் கூப்பிட்டு வந்த மாவுக்கு, ராடு கொடுத்த சாயிராவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மரத்தில் சிக்கிய தூண்டில் நரம்பை நானே ஏறி அவிழ்த்துக் கொடுத்தேன். கையெல்லாம் கருவேல முள் கிழித்தது.

மீனை ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்தோம். வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் அம்மா உரலை எடுத்தாள். மறுநாள் கடைக்குச் சரக்குப் போக வேண்டும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் உரலை என் பக்கம் தள்ளினாள்.

"கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. கை ரெண்டும் மீன் நாத்தம்."

"நானா?"

"பொறவு மீனா வந்து பிழியும்?"

பிழிந்தேன். தோள் வரை இழுத்தது. இதை அவள் எத்தனை வருஷம் எனக்காக இழுத்தாள் என்று அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. கோணல் மாணலாக விழுந்ததை அம்மா இடது கையால் எண்ணெயில் புரட்டினாள். வெந்ததைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"இது கடைக்கு ஆவாது."

"தின்னுருவோமா?"

"பொடிச்சு டப்பால போட்டு வை. ஞாயித்துக்கெழம ஆத்துல தூவலாம். மீனு கொற சொல்லாது. அடுத்ததப் பிழி."

பிழிந்தேன். அவள் வலது கை கடைசிவரை மடியிலேயே இருந்தது.