துரைசாணியின் சிக்கனம்

ரூபாய் விழுந்துவிட்டது என்று எங்கள் துரை புலம்பாத நாள் கிடையாது. ரயில் அப்புத்தளை வரைக்கும் வந்த மறுவருஷம் அது. ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்துப் பங்களாவில் நான் சமையல் பார்க்கும் குசினிக்காரன். கொழும்புப் பேப்பர் வந்ததும் துரை முதலில் பார்ப்பது ஒரு ரூபாய்க்கு எத்தனை பென்ஸ் என்பதைத்தான். ஒருகாலத்தில் இருபத்துநாலு பென்ஸ் பெற்ற ரூபாய் பதின்மூன்றுக்கு வந்துவிட்டதாம். மூத்த மகன் லண்டனில் படிக்கிறான். அவனுக்குப் பவுனில் பணம் கட்ட வேண்டும். துரைக்குச் சம்பளமோ ரூபாயில். "வேத்து நாட்டுல வந்து கெடந்து சாவுறோம், லிங்கம்" என்று என்னிடமே சொல்வார். நானும் சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவேன்.

வேற்று நாட்டில் கிடந்து சாகிறவர் அவர் ஒருவர்தானா? கீழே லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், இருந்த அத்தனை பேரும் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கடல் தாண்டி வந்தவர்கள்தானே. தேயிலை லண்டனில் பவுனுக்கு விற்றது. கொழுந்து பறித்தவளுக்கு வெள்ளிக்காசில் அதே பழைய கூலி. ரூபாய் விழ விழக் கம்பெனிக்குக் கொள்ளை லாபம். இதை எந்தப் பேப்பர்காரன் எழுதினான்?

அந்த வருஷம் துரைசாணிக்கு இரண்டாவது ஆண்பிள்ளை பிறந்தது. பால் ஊறவில்லை. மூன்று மாதக் கைக்குழந்தை வைத்திருந்த பெரியாயியைக் கொழுந்து மலையிலிருந்து இறக்கி, பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பங்களாவில் வைத்தார்கள். அவளுடைய மகள் லயத்திலேயே, நாத்தனார் வடிவம்மாவிடம் இருந்தது. மத்தியானமும் சாயங்காலமும் பெரியாயி ஓடிப்போய் அதற்குக் கொடுத்துவிட்டு வருவாள். மற்ற நேரமெல்லாம் அதற்குக் கஞ்சித்தண்ணிதான். இரண்டு பிள்ளைக்கும் பால் ஊற வேண்டுமே என்று, தினம் ஒரு போத்தல் பசும்பால், இரண்டு முட்டை, நெய்ச்சோறு, கருவாடு தருவதாகத் துரையே விறாந்தையில் நின்று வாக்குக் கொடுத்தார்.

ஒரு காலையில் துரைசாணி குசினிக்குள் வந்து, "எக்ஸ்சேஞ்ச் மோசம், இனிமேல் சிக்கனம்" என்றாள். சரி, டின்னில் வருகிற ஹாம் நிற்கும், விஸ்கி குறையும் என்று நினைத்தேன். நான் ஒரு மடையன். நின்றது பெரியாயியின் முட்டையும் நெய்யும். பால் அரைப் போத்தலானது. அதை அவளிடம் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

"லண்டன்ல பவுன் ஏறுனா என் சோத்துல ஏண்ணே நெய் எறங்குது?" என்று பெரியாயி கேட்டாள்.

"அவங்க கணக்கு அப்படி."

"அப்ப தொர புள்ள குடிக்கிறதும் கொறயுமா?"

குறையாது என்பது அவளுக்கும் தெரியும். கறவை மாட்டுக்கு மழைக்காலத்தில் புண்ணாக்கைக் கூட்டி வைக்கச் சொல்கிறவள்தான் அந்தத் துரைசாணி. மாட்டுக்குக் கிடைத்த நியாயம் மனுஷிக்குக் கிடைக்கவில்லை.

ஒரு மாதத்தில் பெரியாயியின் கன்னம் ஒட்டிப்போனது. ஒருநாள் வடிவம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்கே வந்துவிட்டாள். அதன் தொடையில் சதை இல்லை, தோல்தான் மடிந்து கிடந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

"இத எங்க பொதைக்கணும்னு சொல்லிரு, நான் போறேன்" என்றாள் வடிவம்மா.

பெரியாயி குழந்தையைக் கையில் வாங்கினாள். அங்கேயே விறகுக் கட்டையில் உட்கார்ந்து, உள்ளே துரைப் பிள்ளை கத்தக் கத்த, தன் மகளுக்கு இரண்டு பக்கமும் கொடுத்தாள். அன்றிலிருந்து மகள் குடித்த மிச்சம்தான் பங்களாவுக்கு.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. ரூபாய் விழுந்த நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். துரை ஷாம்பெயின் உடைத்தார், நான்தான் ஊற்றினேன். பெரியாயிக்கு நெய் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

கொழுந்து நிறுக்கிற தராசை எடுத்துவந்து, துணித்தூளி கட்டி, சனிக்கிழமைதோறும் துரைப் பிள்ளையை நிறுத்துப் பார்ப்பார்கள். அந்தச் சனிக்கிழமை எடை அரை றாத்தல் குறைந்திருந்தது.

"பால என்ன பண்ணுற நீ?" என்று துரை கேட்டார்.

"எம் மகளுக்குக் குடுத்தேங்க."

"திருடி!" என்று கத்தினார். "நான் சம்பளம் குடுத்து வாங்குன பால் அது!"

இத்தனை வருஷமாகியும் அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தன் மாரில் ஊறியதைத் தன் வயிற்றில் பிறந்ததற்குக் கொடுத்தவள் திருடியாம். அவள் சோற்றில் மிச்சம் பிடித்தவர்களுக்கு என்ன பெயராம்?

பெரியாயி வாயை மூடவில்லை. "ரூவா விழுந்துச்சுன்னு தொரைக்குக் கம்பெனி கூட்டிக் குடுத்துச்சாமே, லிங்கண்ணே சொன்னாரு. எனக்கு யாருங்க கூட்டிக் குடுத்தா?"

துரை என்னை முறைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஜாக்கிரதை! பதுளை மறியலுக்கு அனுப்பிருவேன்."

சொன்னால் செய்யக்கூடியவர்தான். வேலையை மறுத்தவர்களைப் பிடித்துச் சிறையில் அடைக்கச் சட்டமே இருந்தது.

"அனுப்புங்க. பாலும் எங்கூட மறியலுக்குத்தான் வரும்" என்றாள் பெரியாயி. பிள்ளையைத் துரைசாணியின் மடியில் வைத்துவிட்டு லயத்துக்கு இறங்கிப் போய்விட்டாள்.

துரை பசும்பாலைக் காய்ச்சச் சொன்னார். பிள்ளை துப்பியது. வேறு ஒருத்தியைக் கூட்டிவரக் கங்காணியை அனுப்பினார். திருடிப் பட்டம் வாங்க எந்தத் தாயும் வரவில்லை. சாயங்காலத்துக்குள் பிள்ளையின் குரல் கம்மிவிட்டது. அது என்ன பாவம் செய்தது? துரை போலீசுக்கு எழுத உட்கார்ந்தார். துரைசாணி அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தாள். பிள்ளையைச் சால்வையில் சுற்றிக்கொண்டாள். நெய்யும் முட்டையும் எடுத்துவரும்படி என்னிடம் சொல்லிவிட்டுச் சேற்றுப்பாதையில் இறங்கினாள். தோட்டத்துக்கு வந்த இத்தனை காலத்தில் அவள் லயத்துப் பக்கம் போனது அதுதான் முதல்தடவை.

பெரியாயி தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் தரையில் உட்கார்ந்து மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். துரைசாணி வாசலில் நின்று, "பெரியாயி, தயவு செய்து" என்றாள். பெரியாயி என் கையிலிருந்ததைப் பார்த்தாள், முனகுகிற பிள்ளையையும் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"குடுப்பேன், தொரசாணி. அது பச்சப்புள்ள, அது மேல எனக்கு என்ன கோவம்?" என்றாள். "இவ குடிச்சு முடிக்கட்டும். அதுவரைக்கும் நில்லுங்க."

துரைசாணி நின்றாள்.