தங்கையின் மினுக்கிகள்

சுவருக்கு வண்ணம் அடித்தாயிற்று. குட்டி நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன. குழந்தைகள் காப்பகம் திங்கட்கிழமை திறக்கும் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. பாக்கி இருந்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கான ஒரே ஒரு பரிசோதனை. அதைச் செய்வது என் சொந்தத் தங்கையின் ஆய்வகம். பிறகென்ன கவலை என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை போன் செய்தாள்.

"அக்கா, அந்தத் தண்ணிய யாரும் தொடாதீங்க! நீ குடிச்சியா?"

"ஒரு வாரமா குடிக்கிறேன். ஏண்டி?"

"ஐயோ!" என்று வைத்துவிட்டாள்.

இப்படி வைத்தால் மனுஷிக்கு எப்படி இருக்கும்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதுவரை நன்றாக இருந்த வயிறு உடனே வலித்தது. ஆனால் பஸ் பிடித்து ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. பார்த்த வேலையை விட்டுவிட்டுத் தொடங்கிய காப்பகம் இது. தண்ணீர் தேறாவிட்டால் கதவைத் திறக்கவே முடியாது.

வெள்ளை அங்கியோடு வந்தவள் வாசலிலேயே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தலை சுத்துதா?"

"உன்னப் பாத்தாத்தான் சுத்துது. முதல்ல விஷயத்தச் சொல்லு."

என்னை ஓர் இருட்டறைக்குள் இழுத்துப் போனாள். கண் பழகியதும் ஒரு கண்ணாடிக் குழாய் தெரிந்தது. உள்ளே பச்சையும் நீலமுமாக மெல்லிய வெளிச்சம். இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கோபத்தை ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன்.

"இதுங்கதான் என் மினுக்கிங்க. கடல்ல வாழற பாக்டீரியா. சௌக்கியமா இருந்தா மின்னும். தண்ணில விஷம் இருந்தா மங்கிடும். இது உன் தண்ணி, பாரு."

பக்கத்துக் குழாய் கரிக்கட்டையாக இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அந்தக் குட்டி நாற்காலிகளை என்ன செய்வேன்?

"அழாதக்கா. இன்னொரு தடவ பாப்போம். ஒப்பிட்டுப் பாக்க, காய்ச்சி வடிச்ச தண்ணிலயும் விடறேன். இதுல அணையவே அணையாது."

விட்டாள். காத்திருந்தோம். அதுவும் அணைந்தது.

"அப்ப இதையும் தொடக்கூடாதா?" என்றேன்.

பளார் என்று ஒரு சத்தம். தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

"உப்பு! அக்கா, உப்புப் போட மறந்துட்டேன்! கடல்ல வாழறதுங்க, உப்பில்லாத தண்ணில விட்டா அதுங்களே வெடிச்சுச் செத்துடும். விஷமே வேண்டாம்."

அவள் கணவருக்கு ரத்த அழுத்தம் வந்ததிலிருந்து அவள் வீட்டில் உப்புக்குத் தடை. அவள் சமையலை வாயில் வைக்க முடியவில்லை என்று நான் புலம்பாத நாளில்லை.

"சமையல்லதான் போட மாட்டே. இங்கயுமா? ஒப்பிட்டுப் பாக்கற வேலைய முதல்லயே செஞ்சிருந்தா என்னவாம்?"

"எல்லாருக்கும் அப்படித்தான் செய்வேன். உன் குழாய் அணைஞ்சதும், நீ குடிச்சிருப்பியேன்னுதான் தோணிச்சு. வேற எதுவும் ஓடல." அவள் குரல் உடைந்துவிட்டது.

நான் மேற்கொண்டு திட்டவில்லை.

இந்த முறை உப்பை அளந்து போட்டாள். மறுபடி இருட்டில் உட்கார்ந்தோம். கால் மணி நேரம் என் கையை விடவே இல்லை. என் விரல் நசுங்கியது. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மினுக்கிகள் கொஞ்சமும் மங்கவில்லை. என் தண்ணீரில் ஜம்மென்று மின்னிக்கொண்டிருந்தன.

"தேறிடுச்சுக்கா!" என்று கத்தினாள். அடுத்த அறையிலிருந்து அவள் மேலதிகாரி எட்டிப் பார்த்து, யாருக்குக் குழந்தை பிறந்தது என்று கேட்டார்.

"பதினெட்டுக் குழந்தைங்க, சார். திங்கக்கிழமை வருதுங்க" என்றேன்.

அப்போதுதான் பசி தெரிந்தது. அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினாள். வழக்கம்போல உப்பே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குடி. இன்னும் கொஞ்சம் போடு" என்றேன்.