கடைசி இரண்டு வரிசைகள்

நான்காவது வரிசையை மூன்றாவது வரிசையோடு சேர்த்துவைத்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது, துணிக்குவியலுக்கு அடியிலிருந்து போன் அடித்தது. சின்னவள் வாயில் கவ்வியிருந்த ஊசிகளை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனைத் தேடி எடுத்தாள். அக்கா மகள்.

“சித்தி, எங்க இருக்கீங்க? அம்மா கேக்குறாங்க.”

“இதோ கெளம்பிட்டேன் பாப்பா. கடையப் பூட்டிட்டிருக்கேன்.”

பூட்டவில்லை. இன்னும் இரண்டு வரிசை பாக்கி. அக்கா வீடு கடைக்குப் பின்னால் இரண்டாவது தெருதான். எட்டி நடந்தால் ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகாது. அந்தத் தைரியம்தான் அவளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தது.

படுக்கையில் விழுந்த பிறகு அக்கா தொடங்கிய துண்டுத்துணிப் போர்வை அது. மாமாவின் பழைய சட்டைகள், சாயம் போன திரைச்சீலை, மகள் சின்ன வயதில் போட்ட கவுன் எல்லாவற்றையும் வெட்டி, துண்டோடு துண்டு ஒட்டி, சதுரச் சதுரமாகக் கையாலேயே தைத்தாள். கட்டங்கள் எல்லாம் முடிந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்க்க மெஷின் மிதிக்கத்தான் காலில் தெம்பில்லை. தங்கைதான் தையல்கடை வைத்திருக்கிறாளே என்று பையில் போட்டுக் கொடுத்தாள். எது எங்கே வரவேண்டும் என்று குழம்பாமலிருக்க, ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக அடுக்கி வேறுவேறு நிற நூலால் கட்டியிருந்தாள்.

அது பள்ளிக்கூடம் திறக்கிற காலம். கடை முழுக்கச் சீருடைத் துணி. பை அலமாரி மேலே ஏறியது. ஊரார் துணிக்கெல்லாம் கெடு இருந்தது. அக்கா மட்டும் கெடு வைக்கவில்லை.

ஒருநாள் போனில் கேட்டாள்: “கட்டத்தையெல்லாம் சேத்துட்டியாடி?”

“சேத்துட்டேன்க்கா.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று சின்னவளுக்கே தெரியவில்லை. எதிர்ப்பக்கத்துக் குரல் அவ்வளவு மெலிந்திருந்தது. பொய் தனியாக நிற்குமா? முட்டுக்கொடுக்க இன்னும் நாலு வேண்டியிருந்தது.

“மூலைங்க ஒண்ணோட ஒண்ணு உக்காந்துச்சா?”

“அச்சுல வார்த்த மாதிரி உக்காந்துச்சு.”

“மடிப்ப ஒரு வரிசைக்கு வலப்பக்கம், அடுத்ததுக்கு இடப்பக்கம் தேச்சியா? அப்பதான் சேக்கும்போது ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக்கும்.”

“தையல்கடைக்காரிக்கே பாடமா?”

“தொழில் தெரியும்டி உனக்கு. பொறுமதான் கெடையாது.” அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நேற்று அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இனி அங்கே வைத்திருந்து பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அக்கா தங்கையின் விரலைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கு வரும்போது போர்வையக் கொண்டா, பாக்கணும்” என்றாள். சின்னவள் தலையாட்டினாள். விடிந்ததும் கடையைத் திறந்து, முன்கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரி மேலிருந்த பையை இறக்கினாள். தூசி தட்டியபோது கண் கரித்தது. தூசியால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் மூன்று வரிசைகள் அழகாக வந்தன. ஒவ்வொரு சந்திப்பிலும் ஊசி குத்தி, தேய்த்து, மெதுவாக ஓட்டினாள். அக்கா மகளின் போனுக்குப் பிறகு கை பரபரத்தது. இஸ்திரிப் பெட்டி சூடாகும்வரை அவள் காத்திருக்கவில்லை. ஊசி குத்துவதையும் விட்டுவிட்டு விரலாலேயே பிடித்துக்கொண்டு மிதித்தாள்.

பாதித் தையலில் மறுபடியும் போன் அடித்தது. திரையில் பாப்பாவின் பெயரைப் பார்த்தாள். எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் கேட்கப்போகிறாள். பேசுகிற நேரத்தில் ஒரு வரிசை முடித்துவிடலாம். மிதித்தாள். போன் அடித்து ஓய்ந்தது. அப்புறம் அடிக்கவே இல்லை.

கடைசி வரிசையும் ஓடி முடிந்ததும், நூல் நுனிகளைக்கூட நறுக்காமல் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

எப்போதும் ஒருக்களித்துச் சாத்தியிருக்கும் அக்கா வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. நடைவழியில் நிற்கும் மாமாவின் சைக்கிளை யாரோ வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். சைக்கிளைப் பார்த்ததும் அவள் ஓட்டம் நின்றுவிட்டது.

அக்கா கண்மூடிப் படுத்திருந்தாள். தாடையை ஒரு துண்டால் கட்டியிருந்தது. மகள் சித்தியைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“ரெண்டாவது தடவ பண்ணேனே சித்தி.”

“மெஷின்...” என்று தொடங்கி, “ரோட்டுச் சத்தத்துல கேக்கல” என்றாள்.

“உங்களத்தான் கேட்டுட்டே இருந்தாங்க. போர்வ எடுத்துட்டு வருவாங்கம்மான்னேன். ‘அது கெடக்கட்டும், அவள மொதல்ல வரச் சொல்லு’ன்னாங்க. அதச் சொல்லத்தான் பண்ணேன்.”

சின்னவள் பையை இறுக்கிக்கொண்டு நின்றாள். மாமாதான் வந்து அதை வாங்கினார். வீட்டில் யாருக்கு எது நடந்தாலும் அதிகம் பேசாத மனுஷர்.

“நீ முடிச்சுட்டன்னு பாக்க வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருந்தா. நர்சுகிட்டகூட,” என்றபடி உதறி விரித்து, மனைவியின் மேல் கழுத்துவரை போர்த்தினார்.

நெஞ்சுப் பக்கம் கட்டங்கள் கச்சிதமாக நின்றன. கால் பக்கம் மூலைகள் விரற்கடை விலகியிருந்தன. கவுன் துணிக் கட்டம் ஒன்று தலைகீழாகக் கிடந்தது. அதிலிருந்த வாத்துகள் எல்லாம் மல்லாந்திருந்தன. நூல் நுனிகள் அங்கங்கே தொங்கின. அதைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே ஆள் அதற்கு அடியில் படுத்திருந்தாள்.

“கூடப் பொறந்தா இப்படிப் பொறக்கணும். கடை வேலைக்கு நடுவுல இவ்வளவு செஞ்சிருக்காளே,” என்றாள் பக்கத்து வீட்டம்மாள். சின்னவள் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

மதியம் வண்டி வந்தது. தூக்க வந்தவர்களில் ஒருவர், “போர்வையும் கூடப் போகணுங்களா?” என்று கேட்டார்.

“போகட்டும். அவ ஆசப்பட்டது,” என்றார் மாமா.

“வேணாம்ப்பா.” மகள் அம்மாவின் நெஞ்சில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். “எனக்குன்னு தச்சாங்க. என்கிட்ட இருக்கட்டும்.”

மாமா திரும்பினார். “நீ சொல்லும்மா. சேத்துத் தச்சவ நீ.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கூடவே போய்விட்டால் இன்றோடு முடிந்தது. யார் கண்ணிலும் படாது. இருந்துவிட்டால் இந்தப் பெண் அதை வருஷக்கணக்காகப் போர்த்துவாள், மடிப்பாள், என்றைக்கோ ஒருநாள் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். போகட்டும் என்று சொல்லத்தான் சின்னவள் வாயைத் திறந்தாள்.

“பாப்பாகிட்டயே இருக்கட்டும் மாமா.”

சொல்லிவிட்டு அவளே எழுந்து, கால் பக்கத்திலிருந்து மெல்ல எடுக்கத் தொடங்கினாள். நெஞ்சுவரை வந்ததும் மகளின் தோளைத் தொட்டாள். அவள் முகத்தைத் தூக்கினாள். அழுத்திக் கிடந்ததில், கண்ணோரத்திலிருந்து தாடைவரை போர்வையின் தையல்கோடு ஒன்று கன்னத்தில் பதிந்து சிவந்திருந்தது. சின்னவள் கட்டைவிரலால் அதைத் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

“என்ன சித்தி?”

“ஒண்ணுமில்ல,” என்றாள். கை மட்டும் நிற்கவில்லை.