நாற்பது சம்மனசுகளின் புருவம்

மஞ்சக்குட்டை மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்கு ஒரே ஒரு சாவி. அது ஸ்டெஃபியின் இடுப்பில் இருந்தது. பாக்கியநாதனின் கண் அதன் மேல் இருந்தது. கொட்டகையில் அவளுடைய கண்ணாடி உலை ஓடிக்கொண்டிருந்தது. பங்குப்பேரவைச் செயலரான அவருக்கோ ஜீப் நிறுத்த இடம் வேண்டும்.

பிரசங்க மேடையைச் சுற்றிப் பதிக்க நாற்பது சம்மனசுகளின், அதாவது தேவதூதர்களின், முகங்களைக் கண்ணாடியில் செய்து தர அவள் ஒப்புக்கொண்ட அன்று, அவர் மினிட் புத்தகத்தில் ஒரு நிபந்தனை எழுதினார். நாற்பதும் ஒரே முகமாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் கொட்டகை காலி.

காரணம் இருந்தது. முன்பு ஓர் ஓவியர் கோயில் சுவரில் பன்னிரண்டு சீடர்களை வரைந்தபோது, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் அச்சு அசலாகப் பாக்கியநாதனின் மச்சானைப் போல வந்துவிட்டான். மச்சான் அதன்பிறகு அவரோடு பேசுவதில்லை.

"கையில செய்யற பொருளு, நாப்பதும் ஒண்ணாட்ட வருமா கண்ணு?" என்று கேட்டு அவர் இடது புருவத்தை மட்டும் தூக்கினார். எஸ்டேட்டில் முப்பது வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து யாரையும் நம்பாமலே தூக்கித் தூக்கி, அந்தப் புருவம் இப்போது முழுதாக இறங்குவதேயில்லை.

"வருமுங்க," என்றாள் ஸ்டெஃபி.

அவளுடைய அண்ணன் ஜாபெஸ் வெல்டிங் பட்டறைக்காரன். அவனுக்கும் நம்பிக்கையில்லை.

"வெண்டைக்காய எங்க நறுக்குனாலும் உள்ள ஒரே பூவுதானண்ணா? ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாலயே எகிப்துல இப்படித்தான் பண்ணுனாங்க."

தோல் நிறத்திலும் கறுப்பிலும் சிவப்பிலும் கண்ணாடிக் குச்சிகளை அடுக்கி, முன்கைப் பருமனில் ஒரு கட்டு செய்தாள். கட்டின் வெட்டுமுகத்தில் ஒரு முகம். அதுவும் பாதி முகம். ஒரு கண், அரை மூக்கு, அரை உதடு. புருவத்துக்கான கறுப்புப் பட்டையை வைக்கும்போது அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு அதை நன்றாக மேலே தூக்கி வைத்தது.

ஜாபெஸ் குனிந்து பார்த்தான். "ஏம்புள்ள, இது அவருதான?"

"பேசாம கம்பியப் புடிண்ணா."

"கொட்டாய் போயிரும்."

"ஒரே மொகமா இருக்கோணும்னுதான் எழுதியிருக்காரு. யாரு மொகம்னு எழுதல."

உலையில் கட்டு இளகியது. ஆளுக்கொரு முனையில் இரும்புக் கம்பியை ஒட்டிக்கொண்டு இருவரும் எதிரெதிர்த் திசையில் பின்னால் நடந்தார்கள். கண்ணாடி ஜவ்வு மிட்டாய் போல நீண்டு விரல் பருமனுள்ள தண்டானது. உள்ளே முகம் கலையாமல் சுருங்கியது. மெல்ல ஆறவிட்டு, வில்லை வில்லையாக அறுத்தாள். ஒரு வில்லையைத் திருப்பிப்போட்டு இன்னொன்றோடு ஒட்டினால் முழு முகம். இரண்டு புருவமும் தூக்கியிருந்ததால், சந்தேகப்பட்ட மனிதர் எதையோ கண்டு வியந்துபோன சம்மனசு ஆகிவிட்டார்.

நாற்பது முகங்களையும் மேடையில் பதித்து முடித்ததும், திருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை பாக்கியநாதன் பூதக்கண்ணாடியோடு வந்தார். ஒரு மணி நேரம் பார்த்தும் ஒரு முடி வித்தியாசம் கிடைக்கவில்லை. அவர் மனைவி சாந்தாமேரிதான் முந்தானையால் வாயைப் பொத்தினார்.

"ஏனுங்க, இவுங்கள எங்கியோ பாத்தாப்பல இருக்குதுங்களே. நம்மூட்டுலயோ?"

பாக்கியநாதன் பூதக்கண்ணாடியைத் தாழ்த்திவிட்டு முழு மேடையையும் பார்த்தார். மேடை அவரைப் பார்த்தது. ஸ்டெஃபியின் கை தானாகச் சாவியைத் தொட்டது.

பங்குச்சாமியார் அருள்சாமி மினிட் புத்தகத்தை நீட்டினார். "ஆட்சேபணை இருந்தா எழுதீருங்க. யாராட்ட இருக்குதுன்னும் பேர் போட்டு எழுதோணும்."

செயலர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"யாராட்டவும் இல்லீங் சாமி," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்டெஃபி கொட்டகையைப் பூட்டும்போது பின்னால் பாக்கியநாதனின் செருமல் கேட்டது.

"கண்ணு, அந்தத் தண்டுல மிச்சம் இருக்குதா?"

"ஒரு சாண் இருக்குதுங்க."

சாந்தாமேரி பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஜோடி அறுத்து வெய்யி. ஊட்டு வாசக்காலுக்கு மேல பதிக்கோணும். மச்சான் ஊட்டுக்கு எதிர்லதான நம்மூடு? காலைல கதவத் தொறந்தா அவுரு கண்ணுல மொதல்ல அதுதான் படோணும்."