தொழிலாளர் தரப்பின் சம்மதம்

அறையில் இருந்தவர்கள்: நகராட்சித் தலைவர், ஆணையர், வாசலில் பியூன், தொழிலாளர் தரப்பில் தெருப் பெருக்கும் பெண்ணொருத்தி. துப்புரவுத் தொழிலாளர்களின் தினக்கூலியை அன்று நிர்ணயிக்கவேண்டும். தொழிலாளர் தரப்பு ஒப்புக்கொள்ளாமல் அது செல்லாது. "பத்தாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டு வாக்கா" என்று அவளை அனுப்பிய கூட்டம் வெளியே காத்திருந்தது.

தலைவர் சொன்ன தொகை அரை வயிற்றுக்குத்தான் வரும்.

"போதும்லம்மா? உன் வீட்டுக்காரன் வேலை இங்க இன்னும் நிரந்தரமாகலையே?"

அவள் முன்கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"போதுங்கய்யா."

ஆணையர் சிரித்தார். "தங்கமான பொம்பளை."

வெளியே கூட்டத்தின் பேச்சுச் சத்தம் கேட்டது.

"பின்வாசல் வழியா போயிடறேண்ணே" என்று பியூனிடம் கெஞ்சினாள்.

"அது ஆபீசருங்க போற வழி. உன் ஆளுங்கதானே, முழுங்கிடவா போறாங்க?"

முன்கதவைத் திறந்து அவளை வெளியே விட்டான். எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அவள் வாய் திறக்குமுன், அவன் கதவைச் சாத்திப் பூட்டினான்.